டீ பாட்டுக்கு ஒரு சட்டை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு டீக்கடை உண்டு. ஊருக்கு ஒரு குளம் உண்டு. வீட்டுக்கு நாலு தென்னை உண்டு. டீ பாட் மட்டும் கண்ணில் படாது. 'சாயா' என்றால் கடையில் கண்ணாடி கிளாஸில் நுரை பொங்க வரும். வீட்டில் என்றால் கருப்பட்டிக் காப்பி, டம்ளரில். பீங்கான் பாத்திரத்தில் தேயிலையை ஊறப்போட்டு, ஐந்து நிமிஷம் தியானம் செய்து, கப்பில் வடித்து, சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு குடிக்கிற பொறுமை இந்த ஊர்க்காரர்களுக்கு இல்லை. குடித்த கையோடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஸார், அந்த டீ பாட் ஆறிப்போகாமல் இருக்க மேலே கவிழ்க்கிற சட்டையைத் தைக்கிறவர்கள் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள்!

'டீ கோஸி' என்று அதற்குப் பெயர். பார்ப்பதற்குப் பொம்மைக் கல்யாணத்து மாப்பிள்ளையின் தலைப்பாகை மாதிரி இருக்கும். அதைப் பார்க்கத்தான் நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்தில் ஏறி, திங்கள்சந்தையில் இறங்கி, நெய்யூர் பக்கம் ஒரு வீட்டைத் தேடிப் போனேன். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். வேளிமலை கொஞ்ச தூரம் கூடவே வரும். (நாஞ்சில் நாடு என்றால் கறாராகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தான். நெய்யூர் இருப்பது கல்குளத்தில். இரண்டு பக்கத்து ஆட்களும் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.)

வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயசிருக்கும். திண்ணையில் கத்தரிக்கோல், சாக்பீஸ், சிவப்பும் பச்சையுமாகத் துணி. நடுவில் மூடி உடைந்த ஒரு டீ பாட்.

"இதுல சாயா போடுவீங்களாக்கா?"

"சாயாவா? இது அளவு பாக்கதுக்கு தம்பி. தையக்காரன் கடையில துணி மாட்டி வைக்க பொம்மை நிக்கும்லா, அது மாதிரி."

சிரித்துவிட்டேன்.

"எதுக்குச் சிரிக்கிய? எங்க பாட்டிக்குப் பாட்டி காலத்திலேர்ந்து இந்த ஊசிதான் சோறு போட்டிருக்கு."

அக்கா சொன்னது வெறும் பேச்சில்லை. 1819-ல் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். மார்த்தா பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்தப் பள்ளியின் வழிவந்ததுதான் நாகர்கோவிலின் டதி ஸ்கூல். எழுத்தோடு கூட அவர் 1820-களின் தொடக்கத்தில் சொல்லிக்கொடுத்த தொழில், லேஸ் பின்னல். தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. பேர்தான் லேஸ், வேலை லேசல்ல.

பின்னியவர்களில் அடிமைக் குடும்பத்துப் பெண் குழந்தைகளும் இருந்தார்கள். அன்றைய திருவிதாங்கூரில் நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் விற்றார்கள், வாங்கினார்கள். அந்தப் பெண்களில் சிலர் லேஸ் பின்னிய காசைச் சேர்த்துத் தங்களையே விலைக்கு வாங்கி விடுதலை ஆனார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை முழுசாக ஒழித்தது 1855-ல். அதற்கு முன்பே ஊசியும் நூலுமாக ஒரு சில பெண்கள் கணக்கை முடித்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. இங்கே பின்னிய லேஸ் வெள்ளைக்கார சீமாட்டிகளின் கழுத்துப் பட்டையிலும் கைமுனையிலும் ஏறிய அதே காலத்தில், இந்த மண்ணின் நாடார் பெண்கள் ஒரு ரவிக்கை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது. போட்டால் கிழித்தார்கள். கலவரம் நடந்தது. மகாராஜா உத்தரவு போட்டு அவர்கள் மேலாடைக்கு அனுமதி தந்தது 1859-ல். அதிலும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி. தோள்சீலைப் போராட்டம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பாராவில் படித்திருப்பீர்கள். அந்த மண்ணில் நின்று பார்த்தால் பாரா கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனார். லேஸ் பின்னலும் சீதனமாகக் கூடவே போனது. (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, அதே கால்டுவெல். அவருடைய மாமியார் லேஸ் டீச்சர் என்பதை எந்தத் தமிழ் வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை.)

லேஸுக்குத் துணையாக எம்பிராய்டரியும் வளர்ந்தது. மேஜை விரிப்பு, கைக்குட்டை, தட்டு விரிப்பு என்று போன வரிசையில் டீ கோஸியும் ஒன்று. அந்தக் காலத்து கோஸி பருத்தித் துணியில் பூ வேலை செய்தது. அக்கா இப்போது தைப்பது ஃபெல்ட்டில்.

ஃபெல்ட் தறியில் நெய்கிற துணி இல்லை. கம்பளி நாரை வெந்நீர் விட்டு, தேய்த்து, அழுத்தினால் நார்கள் ஒன்றோடொன்று சிக்கிப் பாய் மாதிரி ஆகும். காஷ்மீரில் நம்தா விரிப்பு அப்படித்தான் செய்கிறார்கள். ஃபேன்ஸி ஸ்டோரில் ஷீட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை நார். எதுவானாலும் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, மடித்து அடிக்க வேண்டாம். அதனால்தான் புதிதாக ஊசி பிடிப்பவர்களுக்கு ஃபெல்ட் தோதான துணி. நாருக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் சூட்டைப் பிடித்து வைப்பது.

அக்கா சொன்ன கணக்கு இது. மூக்கையும் கைப்பிடியையும் சேர்த்து டேப் சுற்றினால் 56 செ.மீ. பாதி 28. தையலுக்கும் தாராளத்துக்கும் நாலு சேர்த்து 32. உயரம் 24. மேலே வளைவாக, ஒரே அளவில் இரண்டு துண்டு. உள்ளே பருத்தித் துணியில் லைனிங். இரண்டுக்கும் நடுவே இலவம்பஞ்சை மெத்தை மாதிரி பரத்தி, நகராமல் இருக்க அங்கங்கே ஒரு தையல். இலவம்பஞ்சின் ஒவ்வொரு நாரும் உள்ளே குழாய், முழுக்கக் காற்று. நம்மூர் மரத்தில் காய்க்கிற தெர்மாஸ்! உச்சியில் தூக்குவதற்கு ஒரு வளையம். ஓரம் முழுக்க, கம்பளிப் போர்வை ஓரத்தில் போடுகிற கொக்கித் தையல்.

ஒரு எச்சரிக்கை. தேயிலையை எடுக்காமல் கோஸியைக் கவிழ்த்தால் டீ சூடாகவே இருக்கும், கஷாயமாக!

ஆபீஸ் நண்பர்களுக்கு மக் கோஸிதான் லாயக்கு. அது ஒரு பட்டி, கைப்பிடி பக்கம் ஒரு பொத்தான். ஏ.சி. அறையில் மேனேஜர் கூப்பிட்டு, திரும்பி வருவதற்குள் பச்சைத்தண்ணியாகிற டீக்கு ஓரளவு ஆறுதல். ஓரளவுதான். மக்கில் சூடு பெரும்பங்கு போவது மேல்வாய் வழியே, ஆவியாக. எனவே அதே ஃபெல்ட்டில் ஒரு வட்டம் வெட்டி மூடியும் போடுங்கள். சட்டை போட்டுத் தொப்பி போடாவிட்டால் பிரயோஜனம் இல்லை.

தென்வியட்நாமில் பெரிய தேங்காய் மட்டையைக் குடைந்து, உள்ளே துணி மெத்தை தைத்து, டீ பாட்டை அதற்குள் உட்கார வைக்கிறார்கள். தென்னைக்குப் பஞ்சமில்லாத குமரியில் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டேன். "தொண்டு கயித்துக்குப் போவும் தம்பி" என்று அக்கா முடித்துவிட்டார்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? வளைவு ஓரம் 64 செ.மீ. அரை செ.மீ.க்கு ஒரு தையல் என்றால் 128. கீழ் ஓரம் இரண்டு பக்கமும் இன்னொரு 128. ஒரு கோஸிக்கு ஓரம் மட்டுமே 256 தையல். பூ வேலை தனி. வெட்டுவதிலிருந்து வளையம் வரை மூன்று மணி நேரம் பிடிக்கும் என்றார். நோட்டில் காஸ்ட் ஷீட் போட ஆரம்பித்தேன். ஃபெல்ட், லைனிங், பஞ்சு, நூல், ஊசி தேய்மானம் வரை அக்கா பைசா சுத்தமாகச் சொன்னார். கடைசி வரியில் 'கூலி' என்று எழுதி நிமிர்ந்தேன்.

"அது எதுக்கு? வீட்டுல சும்மா இருக்க நேரம்தானே."

சென்னையில் ஒரு கடைக்காரர் கொடுக்கும் விலையைக் கேட்டேன். துணி, நூல் செலவுக்கு மேல் ஒரு சாயாவும் பழம்பொரியும் மிஞ்சும், அவ்வளவுதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அடிமைச் சிறுமியின் பின்னலுக்குக்கூடத் தன்னையே மீட்கிற அளவுக்கு விலை இருந்தது. ஸ்கூட்டி வைத்திருக்கிற, பிள்ளையை எஞ்சினீயரிங் படிக்க வைக்கிற சுதந்திரப் பெண்மணி தன் மூன்று மணி நேரத்துக்கு எழுதுவது பூஜ்யம். எந்த ஆடிட்டரும் இதற்குக் கையெழுத்துப் போடமாட்டார்.

இதை அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊசி மட்டும் போய் வந்தது. பிறகு நோட்டை என் கையிலிருந்து வாங்கினார்.

"பக்கத்து வீட்டுக்கு பிளவுஸ் தைச்சா மணிக்கு இவ்வளவு வாங்குகேன். அதையே போடட்டா?"

"போடுங்கக்கா."

மூன்றால் பெருக்கினார். பழைய விலையை அடித்துப் புது விலை எழுதினார். எட்ட வைத்து ஒருமுறை, கிட்ட வைத்து ஒருமுறை பார்த்தார்.

"யம்மாடி! இவ்வளவு சொன்னா வாங்குவாவளா தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"வாங்காட்டி அவுங்க சாயா ஆறிப்போவட்டும்மா!"