பழைய புல்லட்டும் மின்மினி ஹெட்லைட்டும்

பழைய பிரிட்டிஷ் பைக் ஓட்டுபவர்களிடையே ஒரு ஜோக் உண்டு. லூகாஸ் லைட் சுவிட்சில் மொத்தம் மூன்று நிலைகளாம்: அணைந்திருக்கும், மங்கும், மினுக்கும்! கம்பெனியை ஆரம்பித்த ஜோசப் லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசர்' என்றே பட்டம் கொடுத்துவிட்டார்கள். 1955-ல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டும் அந்த வம்சம்தான். ஆனால் பாவம் லூகாஸ்... பாதிப் பழி அவருக்குச் சேர வேண்டியதே இல்லை.

ஹெட்லைட் மங்கினால் நம் ஆட்கள் முதலில் பல்பை மாற்றுவார்கள். அடுத்து பேட்டரி. அப்புறம் சுவிட்ச். பணம் போகும், இருட்டு போகாது. ஏன்? பல்புக்குக் கரண்ட் போகும் வழியை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரவும் வேண்டுமே! பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதற்கென்று தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டம்தான் திரும்பும் வழி. அதைத்தான் 'எர்த்' என்கிறோம்.

நாற்பது ஐம்பது வருட வண்டியில் அந்த வழி எப்படி இருக்கும்? துரு, அழுக்கு, பெயிண்ட். ஆசையாக ரீபெயிண்ட் செய்து பளபளவென்று வந்த வண்டியில் லைட் எரியாமல் போவது இதனால்தான். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது! இன்னொரு இடம் ஹேண்டில்பார். ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் ஒயர் இல்லையென்றால் கரண்ட் கிரீஸ் பூசிய ஸ்டியரிங் பால்ஸ் வழியாகத்தான் சட்டத்துக்கு வர வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது வெளிச்சம் துடித்தால் சந்தேகமே வேண்டாம்.

கொஞ்சம் கணக்கு. 6 வோல்ட் வண்டியில் 30 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். எங்கோ ஒரு துருப்பிடித்த இணைப்பில் 0.12 ஓம் தடை இருந்தால் அங்கேயே 0.6 வோல்ட் காலி. பத்தில் ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியாது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சாதாரண இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்! அதே தடை 12 வோல்ட் வண்டியில் இருந்தால் இழப்பு 0.3 வோல்ட்தான், அதாவது 2.5 சதவீதம். 6 வோல்ட் வண்டிகளுக்குக் கெட்ட பெயர் வந்த ரகசியம் இதுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். சாதாரண மல்டிமீட்டர் போதும். லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், இன்னொன்றை பல்பு ஹோல்டரின் உலோக உடம்பிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் எர்த் கோளாறு. அதேபோல பேட்டரியின் மறு முனைக்கும் பல்பின் அடிப்புள்ளிக்கும் இடையே பார்த்தால் சுவிட்சும் ஒயரும் தின்னும் வோல்டேஜ் தெரியும். லைட் எரியும்போதுதான் அளக்க வேண்டும், கரண்ட் ஓடாதபோது துருவும் நல்லவன் மாதிரி நடிக்கும்!

பிரேக்கை மிதித்தால் ஸ்பீடோமீட்டர் பல்பு மங்கலாக எரிகிறதா? பேய் இல்லை. டெயில் லைட்டின் எர்த் அறுந்து, கரண்ட் பக்கத்து இழை வழியாகக் குறுக்கு வழி தேடுகிறது.

மருந்து: உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை சுரண்டுவது, இறுக்கி முடுக்குவது, மேலே கொஞ்சம் வாசலின். ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்கு ஒரு தனி எர்த் ஒயர். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதனால் எது எர்த் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் போனால் மட்டும் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள். ஒயர் எரிந்தால், மேலேயே பெட்ரோல் டேங்க்!

ராத்திரி நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கு இது விண்டேஜ் வண்டி என்றெல்லாம் தெரியாது. வெளிச்சம் வந்தால்தான் எழுந்திருக்கும்.