எழுப்பாமல் பாடுகிறவன்

ஒரு புதிய குரலை முதன்முதலாகக் கேட்கும் மனிதர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையின்மேல் எனக்கு நெடுநாளாகவே தீராத ஆசை உண்டு. சங்கீதம் அறிந்தவர்கள் நாலு நாள் யோசித்து எழுதுகிற விமரிசனத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால், யோசிப்பதற்கு அவகாசம் கிடைக்குமுன், கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்து, "இது இன்ன மாதிரி இருக்கிறதே" என்று ஒருவர் சொல்லிவிடுகிற உவமை இருக்கிறதே, அதில் பாடுகிறவருடைய சாரீரமும் கேட்கிறவருடைய ஜீவனமும் இரண்டு பிரி கயிறுபோல முறுக்கிக் கிடக்கும். அதைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு உண்டாகிற ஆனந்தம் வேறொன்றிலும் உண்டாவதில்லை.

இந்த ஆசை மூண்டது 1975-ஆம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றில். அப்போது நாங்கள் ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால், நாலு குடித்தனங்களுக்கு ஒரே முற்றம் அமைந்த வீட்டில் வசித்தோம். என் சித்தப்பா திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்யும் சின்னக் கொட்டகை ஒன்று வைத்திருந்தார். புல்லட் வண்டி பிறக்கிற என்ஃபீல்டு தொழிற்சாலை அந்த ஊரிலேயே இருந்தபடியால், அந்தச் சாலையிலிருந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் புல்லட்டின் ஓசை தாய்ப்பாஷை மாதிரி. வாரம் ஒருமுறை மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய சாமான்களைக் கிளறிப் பார்ப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. அப்படிக் கிளறியதில், ஏதோ கப்பல்காரர் விட்டுப்போனது என்று கடைக்காரர் சொன்ன பெரிய இசைத்தட்டு ஒன்று, உறையில்லாமல், பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒட்டியிருந்த லேபிளை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாடுகிறவர் பெயர் செட் பேக்கர் என்று தெரிந்தது. அதற்குமேல் அந்த மனிதரைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

முற்றத்து நிழலில் எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டியை வைத்துச் சித்தப்பா ஊசியை இறக்கினார். ஆயா முறத்தில் நெத்திலிக் கருவாட்டைக் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பியானோ கொஞ்சம் நடந்தது; பிறகு குரல் வந்தது. குரல் வந்தது என்று சொல்வதைக் காட்டிலும், குரல் ஏற்கனவே அங்கே இருந்தது, நாங்கள்தான் தாமதமாகக் கவனித்தோம் என்று சொல்வதே பொருந்தும். அதில் ஏற்றமில்லை, உருட்டலில்லை, கடைசி ஸ்வரத்தை நடுங்கவிட்டு நம் மனத்தைப் பிடித்திழுக்கும் யத்தனமும் இல்லை. சொல்லை நேராக வைத்துவிட்டு, அது தானே ஆறட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிற குரல். ஆயாவின் விரல்கள் நின்றன. "யாரையோ எழுப்பக் கூடாதுன்னு பாடறான்டா இவன்" என்றாள்.

ஐந்து பிள்ளைகளைத் தொட்டிலிட்டு வளர்த்தவள் அவள். பிள்ளை உறங்கிய பிறகும் பாட்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அந்த நிசப்தமே அதை எழுப்பிவிடும் என்பதும், ஆகையால் உறங்கிய பிள்ளைக்கும் உறங்காத தனக்கும் நடுவில் மெல்லியதாக ஓர் இழையை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அவள் கைகண்ட வித்தைகள். அந்த இழையைத்தான் இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத அவள், எங்கோ பிறந்த ஓர் ஆண்பிள்ளையின் குரலில் அடையாளம் கண்டுகொண்டாள்.

சித்தப்பா சொன்னது வேறு: "ஸ்லோவுல வுட்டாலும் நிக்காத வண்டி மாரி கீது." இதை வண்டிச் சங்கதி என்று தள்ளிவிடலாகாது. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்ட பிறகும், ஒவ்வோர் அடியும் தனித்தனியே காதில் விழும்படி, இதோ நின்றுவிடும் என்று நாம் அஞ்சுகிற கணத்தில் அடுத்த அடியைப் போட்டு, நிதானமாக இழுத்துக்கொண்டு நிற்கிற எந்திரம்தான் நல்ல எந்திரம் என்பது அவருடைய சாஸ்திரம். வேகத்தில் எந்த வண்டியும் தன் கோளாறை மறைத்துவிடும். ஸ்லோவில்தான் அதன் யோக்கியதை தெரியும். அவர் எந்திரத்தைப் பரீட்சை செய்கிற விதத்தை நான் மணிக்கணக்காகப் பார்த்து நின்றதுண்டு. நீண்ட ஸ்குரூடிரைவரின் இரும்பு முனையை எந்திரத்தின் உடம்பில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிவிடுவார். வெளியில் லாரிகளின் இரைச்சல் எவ்வளவு இருந்தாலும், உள்ளே பேரிங் தேய்கிறதா, டேப்பெட் தளர்ந்திருக்கிறதா என்பது அந்தக் கம்பி வழியாக அவருக்கு வந்து சேர்ந்துவிடும். உரத்துப் பாடுகிறவனைக் காட்டிலும் மெல்லப் பாடுகிறவனுக்கே துணிச்சல் அதிகம் வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் எத்தனையோ புத்தகங்களில் வாசித்தேன். ஸ்குரூடிரைவர் பிடித்த கைதான் அதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது.

எதிர் அபிப்பிராயமும் அன்றைக்கே எழுந்தது. மாதா கோயில் பாடற்குழுவில் நெடுங்காலம் பாடிய பெரியவர் ஒருவர், அடுத்த குடித்தனக்காரர், வாசற்படியில் நின்று இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "ஆம்பளக் குரல்னா நெஞ்சுலேருந்து வரணும், இது உதட்டோட நின்னுபோவுது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. உயரமான கூரையின்கீழே, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்கும்படி ஆயுள் முழுவதும் பாடியவருக்கு, ஒலிவாங்கியின் அருகில் வாயை வைத்துக்கொண்டு ஒரே ஒருவருக்காகப் பாடுகிற குரல் பாட்டாகவே படாதது இயல்புதான்.

நான்காவது அபிப்பிராயம்தான் இன்றுவரை என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்துவது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட் ஒன்றில் ட்ரம்பெட் ஊதுகிறவர், வண்டி விஷயமாகச் சித்தப்பாவைத் தேடி வந்தவர், சுவரோரம் குந்தி மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து ட்ரம்பெட் எழுந்தது. அது முடிந்து மறுபடியும் குரல் வந்தது. அவர் கையை உயர்த்தி, "ஊதறவனும் பாடறவனும் ஒரே ஆளு" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று சித்தப்பா கேட்டதற்கு, "மூச்சு வாங்கற எடம் ஒண்ணா கீது, கேளு" என்றார். ஊசியைத் திருப்பி வைத்துக் கேட்டோம். எங்களுக்குப் பிடிபடவில்லை, அவர் சிறிதும் ஐயமின்றித் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

பல வருஷங்கள் கழித்து, நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்றில் செட் பேக்கரின் சரித்திரத்தை வாசித்தபோதுதான் அந்த மனிதர் சொன்னது முழு உண்மை என்று அறிந்தேன். 1929-இல் ஒக்லஹோமாவில் பிறந்த பேக்கர், ஜெரி மல்லிகன் நடத்திய பியானோ இல்லாத நால்வர் குழுவில் ட்ரம்பெட் ஊதித்தான் முதலில் கீர்த்தி பெற்றார். 1954-இல், தம் இருபத்துநாலாம் வயதில், பசிபிக் ஜாஸ் என்ற கம்பெனிக்காக எட்டுப் பாட்டுகளைப் பாடி, ஊதவும் செய்து, பாடகராகத் தம் முதல் தட்டை வெளியிட்டார். 1956-இல் இன்னும் ஆறு பாட்டுகள் சேர்ந்து, எங்களுக்குக் கிடைத்த பதினாலு பாட்டுத் தட்டு உண்டாயிற்று. அது வெளிவந்த காலத்தில் அமெரிக்க ரசிகர்கள் இரு பிரிவாகப் பிரிந்தார்கள். ட்ரம்பெட் வாசிப்பவன் எதற்காக வாயைத் திறந்தான், பெண்மை கலந்த பலவீனமான குரல் இது என்றார்கள் ஒரு சாரார். இவ்வளவு அருகில் வந்து பாடியவர் எவருமில்லை என்று உருகினார்கள் மற்றவர்கள். அந்தச் சர்ச்சை முழுவதும் எங்கள் முற்றத்தில் ஒரே மத்தியானத்தில் நடந்து முடிந்திருந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

கேட்டவர்களின் அபிப்பிராயம் என்று வந்தால், ராயபுரத்தாரையும் மிஞ்சிய ஒரு ஜனசமூகத்தை நான் சொல்ல வேண்டும். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்பவர் அமெரிக்க ரயில்வேயில் பிரேக் போடுகிற வேலை பார்த்து, பிறகு பாடகரானவர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்டது எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து என்பதாலோ என்னவோ, ரயில்காரர் பாடினார் என்றாலே எனக்குத் தனிப் பிரியம். நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக் குரலுக்குச் சட்டென்று தாவி உடைகிற யோடலிங் அவருடைய பிரத்தியேக வித்தை; 1930-இல் அவர் பாடிய தட்டு ஒன்றில் லூயி ஆம்ஸ்ட்ராங்கே ட்ரம்பெட் ஊதியிருக்கிறார். ராட்ஜர்ஸ் 1933-இல் மறைந்துவிட்டார். ஆனால் அவருடைய தட்டுகள் கிராமபோன் பெட்டிகளோடு கென்யா தேசத்துக்குப் போய், கிப்ஸிகிஸ் என்னும் மாடு மேய்க்கும் ஜனங்களின் காதில் விழுந்தன. 1950-இல் நாட்டார் பாடல்களைப் பதிவுசெய்ய அங்கே போன ஹ்யூ டிரேஸிக்கு, அந்த ஊர்ப் பெண்கள் "செமிரோச்சா" என்ற ஒருவனை அழைத்து ஒரு பாட்டுப் பாடிக் காட்டினார்கள். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயர்தான் அப்படித் திரிந்திருந்தது. அவர்கள் மனத்தில் அவன் பாதி மனிதன், பாதி மான்.

இதை அறியாமை என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தரையில் நடந்துகொண்டே இருக்கிற குரல், ஒரு கணத்தில் நாலு காலும் தரையைவிட்டு எழும்பத் துள்ளி, மறுகணம் தரையில் வந்து நிற்பதை அவர்கள் கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் அப்படித் துள்ளக் கண்ட பிராணி மான். ஆகவே பாடியவன் பாதி மான். யோடலிங்கைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகவும் துல்லியமாகவும் யார் சொல்லிவிட முடியும்? நம் புராணங்களும் வானுலகத்துப் பாடகர்களாகிய கின்னரருக்குக் குதிரையின் அங்கத்தைக் கொடுத்தனவே! பாட்டு உச்சத்தைத் தொடும்போது அது மனித உடம்புக்குள் அடங்குவதில்லை என்பதை எல்லாத் தேசத்தாரும் உணர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் நம் சங்கப் புலவர்கள் இதை இன்னொரு திசையிலிருந்து கண்டார்கள். அசுணம் என்றொரு உயிரைப் பற்றிப் பழம்பாடல்கள் பேசுகின்றன. அது விலங்கென்பாரும் உண்டு, பறவையென்பாரும் உண்டு. யாழின் இனிமையைக் கேட்டு அது மெய்ம்மறந்து அருகே வருமாம்; வன்மையான பறையொலி செவியில் பட்டால் அந்தக் கணமே உயிரை விட்டுவிடுமாம். அதைப் பிடிக்கிற வேடர்கள் முதலில் யாழை வாசித்து வரவழைத்துப் பின்பு பறையை அறைந்து கொல்வார்களாம். கிப்ஸிகிஸ் பெண்கள் பாடுகிறவனை மானாக்கினார்கள்; நம் முன்னோர் கேட்கிறவனையே ஒரு தனி ஜாதிப் பிராணியாக்கிவிட்டார்கள். செவி என்பது உயிரைப் பணயம் வைக்கிற அவயவம் என்ற எண்ணத்தை இதற்குமேல் எப்படிச் சொல்வது? நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரைய, எண்ணூர்ப் பக்கம் பட்டறைகள் அதிர, துறைமுகத்துக் கிரேன்கள் அலற, வடசென்னையில் அசுணம் ஒரு காலைப்பொழுதுகூட உயிர்தரிக்காது என்று வெளியூர் நண்பர் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரைச்சலுக்கு நடுவே பேரிங் தேய்கிற ஓசையைப் பிரித்தெடுக்கிற காது, அசுணத்தின் காதைவிட நுட்பம் குறைந்ததன்று. பறையொலியையும் தாங்கி யாழையும் இழக்காத காது அது.

இந்தக் காதுகள் மேல்நாட்டுக் குரல் ஜாலத்துக்கு அன்றைக்குப் புதியவையும் அல்ல. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே. பி. சந்திரபாபு, அந்த யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து, 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக எங்கள் ஊர்ப் பேச்சையும் பேசிக் காட்டியவர். அவர் காலமானது நான் சொல்லுகிற அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வருஷம். எங்கள் தெருக் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்ற சிறுவர்கள் அவரைப்போலக் குரலை உடைத்துப் பார்த்ததை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்.

ஆயாவும் பேண்டு செட்டுக்காரரும் போய் வெகு காலமாயிற்று. சித்தப்பாவுக்கு எண்பது வயதை நெருங்கும்போது காது அநேகமாக அடைத்துவிட்டது. எதிரில் உட்கார்ந்து கத்தினாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். சென்ற தை மாதத்தில் பழைய தட்டைத் துடைத்து, வேறொரு பெட்டியில் போட்டு, அவர் எதிரில் ஓடவிட்டேன். தட்டு சுழல்வதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், பரணுக்குக் கீழே கிடந்த கருவிப்பையிலிருந்து அந்த நீண்ட ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து, இரும்பு முனையை ஒலிபெருக்கிப் பெட்டியின் மரத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கிற எலும்போடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் பாதிவரை ஓடிற்று.

"நிக்கலடா, ஓடுது" என்றார்.