போரில் அயலார் கடன்

ஆயுதம் ஏந்தாதவனுக்கும் போரிலே பொறுப்பு உண்டோ என்னும் வினாவை, ஜேர்மானிய மெய்யியலறிஞர் கார்ல் யாஸ்பேர்ஸ் 1946இல் தம் நாட்டவர் முன் வைத்தார். நமக்கோ அவ்வினா ஐந்துசந்தியிலேயே காத்து நிற்கின்றது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், விடுதலைப் புலிகளின் ஆணைப்படி, யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேரத்துள் வீடுவாசல் துறந்து வெளியேறினர். வட மாகாணமெங்கும் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். துவக்கின் முன் நின்று தடுத்திருக்கலாமே என்று எவரையும் குறைகூற நாம் துணியோம். அச்சம் மனித இயல்பே. ஆயின், அவர்தம் கதவுகளையும் கூரை ஓடுகளையும் விலைபேசி வாங்குமாறு எவரையும் எத்துவக்கும் ஏவவில்லை. (விலை மலிவென்பதைச் சொல்லவும் வேண்டுமோ!) நம்மவர் செய்தால் தக்க காரணம் இருக்கும் என்னும் மனப்பாங்கு, 1981இல் நூலகம் எரிந்ததை மறவாத ஊரிலேயே வேரூன்றிற்று. பின்னாளில் மீண்டு வந்தோர் சோனகத் தெருவிலே கூரையற்ற சுவர்களைக் கண்டனர். அக்கூரைகள் எங்கே சென்றன என்பதை அயலார் அறிவர்.