படிக்கட்டுக்கு அடியில் இருந்த பெட்டி

அந்த வெள்ளிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியதும் முதலில் முகத்தில் அடித்தது வாசனைதான். சேறும் கூலன்ட் ஆயிலும் ஊறிப்போன காகிதமும் கலந்த வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் 22 பேர் வேலை பார்க்கும் அந்தச் சின்ன ஜாப் ஒர்க் கம்பெனியின் முதலாளியம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே லேத் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் கணக்கு பார்க்கும் அக்கா.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்திலேயே நின்று கொட்டித் தீர்த்தது. 5-ம் தேதி அது ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. ஆனால் எஸ்டேட்டுக்குள் வந்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் கரையைக் கடக்கவில்லை. 1964-ல் தொடங்கிய பேட்டை இது. ஒரு பக்கம் அம்பத்தூர் ஏரி, இன்னொரு பக்கம் கொரட்டூர் ஏரி. 2015 டிசம்பரிலும் இங்கே தண்ணீர் புகுந்தது. அப்போது அந்தக் கம்பெனிக்குள் கணுக்கால் அளவோடு நின்றுவிட்டது. அதனால் யாரும் பெரிதாகப் பாடம் படிக்கவில்லை. இந்த முறை முழங்கால் வரை ஏறியிருந்தது.

எல்லோரும் முதலில் ஓடியது மெஷின்களைப் பார்க்கத்தான். எந்த மோட்டாரைக் கழற்ற வேண்டும், எதைக் காயவைக்க வேண்டும் என்று மேஸ்திரி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மேடம்... சர்வர்."

சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே, படிக்கட்டின் அடியில், சேறு பூசிய கறுப்புப் பெட்டி. அதன் மேல் பாதி உரிந்த ஸ்டிக்கரில் அவர் கணவரின் கையெழுத்து: 'ஆஃப் செய்யாதே.'

2014-ல் அவர் ரிச்சி தெருவுக்கு நாலு நடை நடந்து, விலை பேசி வாங்கி வந்து, தானே உட்கார்ந்து அமைத்த சர்வர் அது. சத்தம் போடுகிறது, இடத்தை அடைக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னதால் படிக்கட்டுக்கு அடியில் போனது. 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் அவர் போய்விட்டார். கம்பெனியை மூடிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அந்த அம்மா மூடவில்லை. பெட்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வரை அதைப் பற்றி யார் நினைப்பார்கள்?

பாடியிலிருந்து சிஸ்டம் சர்வீஸ் தம்பி மதியம் வந்தார். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் ஆன் பண்ணலையே?" காயவைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் ஹேர் டிரையர்கூடக் கொண்டுவந்திருந்தார். நல்லவேளை, தடுத்துவிட்டார்கள். ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு வேகமாகச் சுழலும். படிக்கிற முனை அதன்மேல் படாமல், மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் மிதக்கும். அங்கே ஒரு துளி சேறு காய்ந்திருந்தால் போதும், ஆன் செய்த மறுநொடி தட்டைக் கீறிவிடும். டிஸ்க்கைக் காயவைக்காமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, தகவல் மீட்கும் நிபுணர்களிடம் கொடுப்பதுதான் முறை. அவர்களும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

"அவர் ரெண்டு டிஸ்க் போட்டிருக்கார்னு சொல்வாரே தம்பி? ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு?"

"ஆமா மேடம். எழுத எழுத ரெண்டுலயும் ஒரே மாதிரி பதியும். ஒரு டிஸ்க் பழுதானா காப்பாத்தும். ஆனா ரெண்டும் ஒரே பெட்டியிலதானே இருக்கு? ரெண்டும் சேர்ந்தே முழுகிடுச்சு."

"பேக்கப் டிஸ்க்?"

யாரும் பேசவில்லை. அது சர்வருக்குப் பக்கத்திலேயே, அதே ஒயரில் மாட்டியபடி கிடந்தது.

அவர் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். 7-ம் தேதி தரவேண்டிய சம்பளம் ஏற்கெனவே ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. நவம்பர் மாத விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டிக்கு 11-ம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு, வாடிக்கையாளர்களின் டிராயிங்குகள், கணவர் பத்து வருஷமாகச் சேர்த்துவைத்த ரேட் ஷீட், எல்லாம் அந்தப் பெட்டிக்குள். போதாததற்கு, அந்த சர்வரில் ஓடிய 2012-ம் வருஷத்து விண்டோஸ் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட்டின் சப்போர்ட் அக்டோபர் 10-ம் தேதியோடு முடிகிறது, மாற்றிவிடுங்கள் என்று இதே தம்பி சொல்லியிருந்தார். பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டது அவர்தான்.

மறுநாள் காலை கணக்கு அக்கா சீக்கிரமே வந்துவிட்டார். திருமுல்லைவாயிலில் வீடு. எலெக்ட்ரிக் ட்ரெயினில் பட்டரவாக்கம் இறங்கி நடந்து வருபவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தயங்கினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சார் இருந்தப்பவே கம்பெனி டேட்டாவ யாரும் வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். ஆனா நான் சனிக்கிழமை சனிக்கிழமை டாலி டேட்டாவ பென் டிரைவ்ல போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்டுவேன். வீட்ல பூஜை ரூம் டப்பாலதான் இருக்கும். வேற யாருக்கும் காட்டினதில்ல."

"எதுக்குக்கா?"

"போன வேலையில ஒரு தடவ எல்லாம் அழிஞ்சிருச்சு. பழி எம்மேல வந்துச்சு. அந்தப் பயம்."

வேலை போய்விடுமோ என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறார். அதே விஷயம் வேறு ஒரு நாளில் தெரிந்திருந்தால் போயிருக்கவும் கூடும். முதலாளியம்மா எழுந்துவந்து அந்தப் பென் டிரைவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இது அம்பத்தூரில் மட்டும் நடக்கிற கதையில்லை. 1998-ல் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் சர்வரிலிருந்த படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் சரியாக எடுக்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியதும் ஒரு வீட்டில் இருந்த பிரதிதான்.

அக்காவின் பிரதியில் ஒரு குறை இருந்தது. டிசம்பர் 2-ம் தேதி சனிக்கிழமை, மழைக்குப் பயந்து எல்லோரும் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். கையில் இருந்தது நவம்பர் 25-ம் தேதிப் பிரதி. மாதக் கடைசி ஒரு வாரத்தைக் காணோம். நனைந்த பில் காப்பிகளையும் டெலிவரி சலான்களையும் மாடியில் கொடி கட்டித் துணி போலக் காயப்போட்டார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை, மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்து இஸ்திரி போட்டுப் பிரித்தார்கள். பார்ட்டிகளிடம் போன் போட்டு, அவர்கள் பக்கத்து எண்ட்ரியைக் கேட்டு வாங்கினார்கள். விடுபட்ட வாரத்தை அக்கா ஒன்றரை நாளில் மறுபடி ஏற்றினார்.

இதற்கிடையில் புது சர்வர் வந்தது. மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒன்பது கம்ப்யூட்டர்களும் மேஜைமேல் இருந்ததால் தப்பியிருந்தன. ஆனால் ஒன்றுகூடப் புது சர்வரை ஏற்கவில்லை. பழைய பெயரையே வைத்தும் பயனில்லை. கம்ப்யூட்டருக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது.

"என்ன தம்பி, புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி சொல்லுது?" என்றார் மேஸ்திரி.

தம்பி சிரித்துக்கொண்டே விளக்கினார். சர்வர் என்பது கேட் வாட்ச்மேன் மாதிரி. யார் நம் ஆள், யாருக்கு எந்த அறைக்குள் அனுமதி என்று ஒரு ரிஜிஸ்டர் வைத்திருக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டரோடும் அதற்கு ஒரு ரகசியக் குறிச்சொல் உண்டு. ரிஜிஸ்டர் வெள்ளத்தில் போய்விட்டது. அதே பெயரில் புது வாட்ச்மேன் வந்து நின்றால் மட்டும் உள்ளே இருப்பவர்கள் நம்புவார்களா? ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பழைய உறவிலிருந்து விடுவித்து, புதிதாகச் சேர்க்க வேண்டும்.

விடுவிக்க, அந்தந்தக் கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். கணவருக்கு மட்டுமே தெரிந்தது என்று நினைத்தார்கள். பிரின்டர் மாற்றும்போது ஒருமுறை ஸ்டோர்ஸ் பையனிடம் அவர் சொல்லியிருந்தார். பையன் அதைக் கேட் பாஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தான். அந்தப் புத்தகம் மேல் ஷெல்ஃபில் இருந்தது. டாலி லைசென்ஸைப் புது சர்வரில் எழுப்பும்போது, பதிவான ஈமெயில் மூன்று வருஷத்துக்கு முன் விலகிப்போன ஒருவருடையது என்று தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்டில் இருந்த அவர், இடைவேளையில் மெயிலைத் திறந்து நம்பரைச் சொன்னார்.

முதல் கம்ப்யூட்டர் புது சர்வரோடு சேர்ந்ததும் டிசைன் பார்க்கும் பெண் பதறினாள். "டெஸ்க்டாப்ல ஒண்ணுமே இல்ல! பாப்பா போட்டோவும் போச்சு!" எதுவும் போகவில்லை. புது உறவில் நுழைந்தால் கம்ப்யூட்டர் அவளைப் புது ஆளாக நினைத்து வெறும் திரையைக் காட்டும். பழையது சி டிரைவில் அவள் பழைய பெயரிலேயே பத்திரமாக இருக்கும். அதை எடுத்து இங்கே வைத்தால் போதும். அவளுடைய அந்தக் கம்ப்யூட்டரில்தான் சர்வரில் இருந்த டிராயிங்குகளில் பாதிக்கு மேல் பிரதியாகக் கிடந்தன. சிஎன்சி புரோகிராம்கள் மெஷின் நினைவகத்தில் இருந்தன. மீதி டிராயிங்குகளை வாடிக்கையாளர்கள் திரும்ப மெயிலில் அனுப்பினார்கள்.

ஞாயிறு இரவு ஒன்பதாவது கம்ப்யூட்டரும் சேர்ந்தது. 11-ம் தேதி கணக்கு தாக்கலானது. 12-ம் தேதி சம்பளம் போனது.

ரேட் ஷீட் மட்டும் கிடைக்கவில்லை. டிஸ்க்கைப் பார்த்த நிபுணர்கள் ஒரு மாதம் கழித்துக் கைவிரித்துவிட்டார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எந்த மெட்டீரியலுக்கு எவ்வளவு கழிவு என்று கணவர் கணக்குப் போட்டுவைத்தது அது. அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை வீட்டுக்கு அழைத்தார். இருவரும் டிபன் சாப்பிட்டுவிட்டு, ஒரு நோட்டில் மெஷின் மணிக்கட்டணத்திலிருந்து தொடங்கி எழுதினார்கள். சில இடங்களில் கணவர் குறைவாகவே ரேட் போட்டுவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சார் யார்கிட்டயும் கறாரா பேசமாட்டார்மா" என்றார் மேஸ்திரி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. புது ரேட்டை எழுதினார்.

இப்போது சர்வர் மாடியில், சுவரில் அடித்த ஸ்டாண்டின் மேல் இருக்கிறது. பிரதிகள் மூன்று: ஒன்று சர்வரில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. மாதம் ஒருமுறை அந்த வெளிப் பிரதியைத் திறந்து, உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நம்பக்கூடாது என்பது தம்பி சொன்னது. பாஸ்வேர்டுகள் ஒரு கவரில் மூடி, பீரோவில் இருக்கின்றன. கவர் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்குத் தெரியும்.

வெளிப் பிரதி இன்னும் அக்காவிடம்தான். இப்போது அது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிஸ்க். சனிக்கிழமை சாயந்திரம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ட்ரெயின் ஏறுகிறார். ஒளித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. பூஜை ரூம் டப்பாவை மட்டும் அவர் மாற்றவில்லை.