பேருக்கு ஏது பட்டா?

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "சி.என்.சி. பற்றி எழுது, ரோபோ பற்றி எழுது" என்றார்கள். அதையெல்லாம் எழுத நம் வகுப்பிலேயே ஆள் இருக்கிறது. நான் எழுதப் போவது மிளகாய்த்தூள் பற்றி. சிரிக்க வேண்டாம். நம்மில் பாதிப் பேர், "டிப்ளமோ முடிச்சிட்டு திருமழிசை சிட்கோவில ஒரு லேத்து போட்டு உட்கார்ந்துடணும்டா" என்று கேன்டீனில் கணக்குப் போடுகிறவர்கள்தானே? தொழில் தொடங்கினால் அதற்கு ஒரு பெயர் வைப்பீர்கள். அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் சங்கதி.

எங்கள் வீடு இங்கேதான், நசரத்பேட்டையில். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா ஐந்தாவது வரை. ஆயாவுக்குக் கைநாட்டு. ஆனால் ஆயா வறுத்து அரைத்த குழம்பு மிளகாய்த்தூளுக்கு வரதராஜபுரம் வரை ஆள் வரும். 2017-ல் அம்மா அதையே கால் கிலோ பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பூந்தமல்லி அச்சகத்தில் சிவப்பு லேபிள். அதில் ஒரு உரல் படம். உரலுக்கு மேல் ஆயாவின் பெயர். (பெயரை இங்கே எழுதவில்லை, ஏன் என்று போகப் போகத் தெரியும்.) என் செமஸ்டர் பீஸ், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் வட்டி, எல்லாம் அந்தப் பாக்கெட்டில் இருந்துதான்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு கடைக்காரர் அம்மாவைக் கூப்பிட்டு, "என்னம்மா, இப்பல்லாம் தூள்ல கலர் போடுறீங்களா? கஸ்டமர் சத்தம் போடுறாங்க" என்றார். அவர் காட்டிய பாக்கெட் எங்களுடையது இல்லை. அதே சிவப்பு, அதே மாதிரி உரல், ஆயா பெயரில் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாற்றம். வெளிவட்டச் சாலைப் பக்கம் ஒருவர் புதிதாகப் போடுகிறார். அப்பா நேரில் போய் நியாயம் கேட்டார். அந்த ஆள் அமைதியாகத் திருப்பிக் கேட்டாராம்: "நிலத்துக்குப் பட்டா இருக்கும். பேருக்கு என்னா பட்டா வாங்கி வெச்சிருக்கியா?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் படிக்கிறவன் நான் ஒருவன்தான். அதனால் கரண்ட் பில் முதல் கோர்ட் சங்கதி வரை எல்லாம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை!

பெயருக்கும் பட்டா உண்டு நண்பர்களே. அதற்குத்தான் டிரேடுமார்க், வணிகக்குறி என்று பெயர். 1999-ஆம் ஆண்டுச் சட்டம். 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. நாடு முழுவதற்கும் ஐந்து ஊர்களில்தான் பதிவு அலுவலகம்: மும்பை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத், நம் சென்னை. சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. பூந்தமல்லியில் 54 பிடித்தால் கிண்டி. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பட்டா இல்லாவிட்டாலும் அனுபோகம் என்று ஒன்று சொல்வார்கள் இல்லையா, பெயரிலும் அது உண்டு. பதிவு செய்யாத பெயராக இருந்தாலும், நம் சரக்கு என்று ஜனங்களை நம்ப வைத்து இன்னொருவன் தன் சரக்கை விற்றால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பதிவு இல்லாமல் போனால், இந்தப் பெயருக்கு ஊரில் நல்ல மதிப்பு இருந்தது, ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்பதையெல்லாம் நாமேதான் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். கால் கிலோ தூள் விற்கிறவர்களுக்கு அது ஆகிற காரியமா?

பதிவு செய்வது என்றால் எதைப் பதிவு செய்வது? பெயரையா, உரல் படத்தையா, இரண்டும் சேர்ந்த லேபிளையா? இதற்கு நம் சென்னையிலேயே ஒரு வழக்கு பாடம் சொல்கிறது. முதலாண்டு கெமிஸ்ட்ரியில் அரிமானம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆசிட் விட்டு இயந்திரங்களைக் கழுவும்போது இரும்பு அரிக்காமல் இருக்கச் சேர்க்கிற ஒரு பொருளுக்கு, அருத்ரா என்ஜினியர்ஸ் என்ற சென்னை கம்பெனி 1993-லேயே 'கொரோனில்-92பி', 'கொரோனில்-213 எஸ்.பி.எல்.' என்று குறிகளைப் பதிவு செய்து வைத்திருந்தது. 27 வருடம் கழித்து, 2020 ஜூனில், பதஞ்சலி 'கொரோனில்' என்று மாத்திரை கொண்டு வந்தது. சென்னைக் கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. ஆகஸ்டில் தனி நீதிபதி தடை விதித்து, பதஞ்சலி பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றார். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அதே மாதம் டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. 2021 பிப்ரவரியில் அதை ரத்தே செய்துவிட்டது. பதிவானது எண்ணும் எழுத்தும் சேர்ந்த முழுக் குறி. அதில் ஒரு சொல்லை மட்டும் பிரித்தெடுத்துத் தனக்கே சொந்தம் என்று கேட்க முடியாது என்பது ஒரு முக்கியக் காரணம். சரக்கும் வேறு வேறு.

இதைப் படித்த அன்றே முடிவு செய்தேன். எங்களுக்கு உரல் வேண்டாம், பெயர்தான் வேண்டும். உரலை யார் வேண்டுமானாலும் வரையலாம்.

அதிலும் ஒரு சிக்கல். ஆயாவின் பெயர் ஒரு கிராம தேவதையின் பெயர். ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். 'ராமாயண்' என்ற பெயரை ஊதுவத்திக்கு ஒருவர் தனக்கே என்று கேட்டபோது, புனித நூலின் பெயரை அப்படி ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொதுச் சொல் என்றாலும் இதே கதிதான். ஐ.டி.சி.யின் யிப்பி நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று இருக்கும். நெஸ்லே 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டதற்கு ஐ.டி.சி. வழக்குப் போட்டு, 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 'மேஜிக்' எல்லாரும் சரக்கைப் புகழச் சொல்கிற வார்த்தை, ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதே தீர்ப்பு. அவ்வளவு பெரிய கம்பெனிகளே ஒரு வார்த்தைக்காக ஏழு வருடம் இழுபட்டிருக்கின்றன. 'சூப்பர் என்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று போர்டு மாட்டப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பூந்தமல்லியில் ஒரு ஏஜென்ட் பன்னிரண்டாயிரம் கேட்டார். அரசாங்கக் கட்டணம் தனி நபருக்கு ஒரு வகுப்புக்கு ஆன்லைனில் 4500 ரூபாய், நேரில் கொடுத்தால் 5000. வகுப்பு என்றதும் பள்ளிக்கூடம் என்று நினைக்காதீர்கள். சரக்கும் சேவையுமாக மொத்தம் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாவுக்கு 30. ஆன்லைனில் போட டிஜிட்டல் கையெழுத்து வேறு வாங்க வேண்டும். அப்பா யோசித்தார். "ஐந்நூறு ரூவா கூடப் போனா போவுது. நேர்லயே குடுப்போம். குடுத்ததுக்கு சீல் வாங்கலாம்ல."

படிவத்தை நான்தான் நிரப்பினேன். விண்ணப்பதாரர், அம்மா. இரண்டு இடத்தில் பேனா நின்றுவிட்டது. முதல் இடம்: குறி தமிழில் இருந்தால் அதை ஆங்கில எழுத்திலும் எழுதி, அர்த்தமும் எழுத வேண்டும். ஆயா பெயருக்கு ஆங்கிலத்தில் என்ன அர்த்தம்? அம்மாவைக் கேட்டேன். "அர்த்தமா? எங்கம்மாடா அது" என்றார்.

இரண்டாவது இடம்தான் உயிரான இடம். எந்தத் தேதியிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள்? 'இனிமேல் பயன்படுத்தப் போகிறோம்' என்று போட்டால் எந்த ஆதாரமும் வேண்டாம், வேலை சுலபம். ஏஜென்ட் அதைத்தான் சொன்னார். ஆனால் அப்படிப் போட்டால் எட்டு வருடத்துக்கு மேல் அம்மா மூக்கைக் கட்டிக்கொண்டு மிளகாய் வறுத்தது கணக்கில் வராதே! 2017 என்று போட்டால் சத்தியப் பிரமாணமும் ஆதாரமும் வைக்க வேண்டும். பில்லுக்கு எங்கே போவது? வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். அச்சகத்தில் முதல் லேபிள் அடித்த ரசீது பீரோவில் ரேஷன் கார்டோடு இருந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று இருந்தது. ஒரு மளிகைக் கடைக்காரர் தன் பழைய கடன் நோட்டையே கொடுத்தார். வாராவாரம் ஆயா பெயர் போட்டு எத்தனை பாக்கெட் என்று எழுதியிருக்கிறார். அத்தனையும் ஜெராக்ஸ் எடுத்தோம். 2017 என்றே போட்டேன்.

கிண்டியில் நம்பர் கொடுத்தார்கள். அன்று முதல் லேபிளில் பெயருக்குப் பக்கத்தில் 'டி.எம்.' போட்டுக்கொள்கிறோம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு முடிந்த பிறகுதான். முன்னாலேயே போடுவது சட்டப்படி தப்பு. பதிவானால் பத்து வருடம் செல்லும். பிறகு பத்துப் பத்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆயாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்போ நான் செத்தும் பேரு நிக்குமா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இந்த மாதம் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது. வேறு மாவட்டத்தில் ஒருவர், ஏறக்குறைய இதே பெயரை, இதே 30-ஆம் வகுப்பில் 2021-லேயே கேட்டிருக்கிறாராம். எனவே உங்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். முப்பது நாளில் பதில் போட வேண்டும். போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஒத்துக்கொண்டால் வணிகக்குறி இதழில் வெளியிடுவார்கள்; அதற்கு மேல் நான்கு மாதம், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். வெளிவட்டச் சாலைக்காரரும் சொல்லலாம். அவர் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த வேறு மாவட்டத்துக்காரரின் விண்ணப்பத்தை இணையத்தில் பார்த்தேன். 'இனிமேல் பயன்படுத்தப் போகிறோம்' என்று போட்டிருக்கிறார். நாங்கள் 2017. அவர் பயன்படுத்தத் தொடங்கியதற்கும், பதிவு கேட்டதற்கும் முன்னாலிருந்தே தொடர்ந்து பயன்படுத்துகிறவரைத் தடுக்க முடியாது என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. அவரும் யாரோ ஒரு அம்மாவின் பெயரைத்தான் வைத்திருப்பார், பாவம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எங்கள் நோட்டு எங்களிடம் இருக்கிறது.

இதை எழுதும்போது முப்பதில் பதினோரு நாள் போய்விட்டது. நடுவில் மாடல் எக்ஸாம் வேறு. பதில் கடிதத்தை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி, இங்கிலீஷ் மேடத்திடம் திருத்தக் கொடுத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.