கண்டுபிடிக்கிற கூலி

"முன்னாடி ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்குப் பட்டறையில் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பேரிங் போயிருக்கும், மாத்திடலாம்." சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ரோட்டோர பைக் பட்டறைகளில் வேலை நடப்பதைக் கூடவே இருந்து கவனித்ததில், இந்தப் பதில் பல வேளைகளில் பிசகிப்போவதைப் பார்த்தேன். சொல்கிற மெக்கானிக்குக்கும் அது தெரியாமல் இல்லை. தொழிலில் நன்றாகக் கை தேர்ந்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். சிக்கல் அவர்களுடைய கூலிக் கணக்கில் இருக்கிறது என்பது என் முடிவு. பேரிங் மாற்றினால் கூலி உண்டு, சாமானிலும் நாலு காசு நிற்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிய அரை மணி நேரத்துக்கு மட்டும் பில்லில் இடம் கிடையாது. இதைப் பேச முன்சக்கரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், வண்டியில் சத்தம் கேட்கிற இடமும் அதை உண்டாக்குகிற இடமும் எளிதில் குழம்பிப்போவது அங்கேதான்.

முன்சக்கரத்தைச் சுற்றிச் சத்தம் போடக்கூடியவற்றைக் கணக்கெடுத்தால் பட்டியல் நீளும். ஹப்புக்குள் இரண்டு பேரிங், டிரம் என்றால் பிரேக் ஷூ, டிஸ்க் என்றால் பேடும் காலிப்பரும், பழைய வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுழற்றும் பல்சக்கரம், ஃபோர்க்குக்குள் தேய்ந்த புஷ், ஹேண்டில்பாருக்குக் கீழே கோன் செட், கடைசியாக டயர். ஆனால் எல்லாம் ஒரே மாதிரிச் சத்தம் போடுவதில்லை. ஒரு சின்னக் கணக்கு இங்கே உதவும். 18 இன்ச் ரிம்மில் 2.75 அளவு டயர் மாட்டிய சாதாரண கம்யூட்டர் வண்டியில் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்றுச் சுற்றும். ஆகவே நொடிக்கு மூன்று தரம் 'டக் டக்' என்று எண்ணக்கூடியபடி கேட்டால், சக்கரத்தில் ஏதோ ஓரிடத்தில் மட்டும் கோளாறு: டிஸ்க்கில் கோட்டம், ரிம்மில் அடி, டயரில் வீக்கம். எண்ணவே முடியாமல் ஒரே இரைச்சலாக, வேகத்தோடு சுருதி ஏறிக்கொண்டு போனால், ஒரு சுற்றுக்குப் பல தரம் நிகழும் ஏதோ ஒன்று காரணம். பேரிங்கின் குண்டுகளாக இருக்கலாம், டயரின் கட்டைகளாகவும் இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு தரம் 'டொக்' என்றால் அது சுற்றும் பொருளே இல்லை, கோன் செட்டோ ஃபோர்க் புஷ்ஷோதான். இவ்வளவையும் கழித்த பிறகும் பேரிங்கா டயரா என்ற கேள்வி மிஞ்சுகிறது. முன்சக்கரச் சிக்கலின் கடினமான பகுதி அதுதான்.

நல்ல மெக்கானிக் இதை எப்படிப் பிரிக்கிறார் என்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, உதவிக்கு இருக்கும் பையனைப் பின்சீட்டை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் முன்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். பிறகு டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஆட்டம் இருந்தால் அது பேரிங்கிலா ஃபோர்க்கிலா என்று அறிய, ஃபோர்க்கின் அடிப்பாகம் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கிறார். இழுக்கும்போதே பையனின் விரல் கோன் செட் பொருந்தும் விளிம்பில் இருக்கும். அதிர்வு அந்த விரலுக்குத் தெரிந்தால் கோன். அங்கே இல்லாமல் குழாய் உள்ளே போகும் இடத்தில் தெரிந்தால் புஷ். அடுத்து சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஆக்ஸில் முனையில் நான்கு விரலை லேசாக வைக்கிறார். காதுக்கு எட்டாத கரகரப்புகூட விரலுக்கு எட்டும். பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி சுழற்றுகிறார், ஷூ உரசியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு ரவுண்டு போய்வருகிறார். கீச்சுச் சத்தம் நின்றால் கேபிள், நிற்காவிட்டால் உள்ளே கிரீஸ் வற்றிய பல்சக்கரம். ரோட்டில் 40-ல் போய் கிளட்சைப் பிடித்து வண்டியை உருளவிடுகிறார், அப்போதும் சத்தம் மாறாவிட்டால் என்ஜின் கணக்கிலிருந்து கழிந்தது. ஒவ்வொரு தரமும் ஒன்றை மட்டும் மாற்றுகிறார், மற்றதை அப்படியே விடுகிறார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பரிசோதனை என்று சொல்லித்தருவது இதைத்தான். 'காது தேர்ந்தவர்', 'கை ராசி உள்ளவர்' என்று நாம் பாராட்டிவிட்டு நகர்வதால் இதிலுள்ள முறையும் அதற்குச் செலவாகும் நேரமும் கண்ணில் படாமல் போகின்றன.

டயரைப் படிப்பது இதிலேயே தனி வித்தை. ரப்பர் கட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்து, சக்கரம் சுற்றும் திசையில் ஒரு தரம், எதிர்த்திசையில் ஒரு தரம் தடவிப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் வழவழவென்று போய் மறுபக்கம் கையில் தட்டினால், கட்டைகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். பின்டயர் வண்டியைத் தள்ளுகிறது. முன்டயருக்குத் தள்ளுகிற வேலை கிடையாது, உருள்வதும் பிரேக்கைத் தாங்குவதும்தான் வேலை. பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தரமும் கட்டைகள் ஒரே பக்கமாக மடங்கி, ஒரே விளிம்பு தரையில் இழுபடுகிறது. காற்று குறைவாக இருந்தால் கட்டைகள் கூடுதலாக நெளியும். ஃபோர்க் ஆயில் வற்றி, சக்கரம் ரோட்டோடு ஒட்டாமல் துள்ளினால் இடையிடையே குழி விழும். இப்படித் தேய்ந்த டயர் 'ஊ' என்று இரைவதும் கெட்டுப்போன பேரிங் இரைவதும் ஓட்டுகிறவர் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் ரோட்டில் தெரியும். புதிதாகத் தார் போட்ட வழவழப்பான ரோட்டிலிருந்து சொரசொரப்பான கான்கிரீட்டுக்கு ஏறியதும் குரல் மாறினால் டயர், எந்த ரோட்டிலும் ஒரே குரல் என்றால் பேரிங் மேல் சந்தேகம் கூடும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே எத்தனையோ பேரிங்குகள் ஹப்புக்குள்ளேயே நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு பக்கத் தேய்மானத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்டயரின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருப்பதைக் கண்டதும் "ஃபோர்க் பெண்டு" என்று சொல்லிவிடுவது வழக்கம். நம் ஊரில் வண்டி இடப்பக்கமாக ஓடுகிறது. மழைநீர் வடிய ரோட்டின் நடுவை உயர்த்தி ஓரத்தைச் சரித்திருப்பார்கள். இடப்பக்கம் சரிந்த தளத்தில் நேராக நிற்கும் சக்கரத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம்தான் தரையில் படும். திருப்பங்களும் இதே பக்கம் சேர்கின்றன. இடப்பக்கத் திருப்பம் ஓரத்தோடு சட்டென்று முடிந்துவிடும், வலப்பக்கத் திருப்பமோ ரோட்டைக் குறுக்கே கடந்து நீண்ட வளைவாகப் போகும். யூ டர்ன் எல்லாமே வலப்பக்கம்தான். இரண்டு காரணங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வலப்பக்கமாக வண்டி ஓடும் அமெரிக்கா போன்ற நாடுகளில் ஓட்டுகிறவர்கள் இதே குறையை இடப்பக்கத் தேய்மானமாகச் சொல்வது இந்த விளக்கத்தை உறுதிப்படுத்துகிறது. அதற்காக ஃபோர்க் வளைவதே இல்லை என்று சொல்லவில்லை. விழுந்து எழுந்த வண்டி, நேராகப் போகும்போது ஹேண்டில்பார் கோணலாக நிற்கும் வண்டி, சில வாரங்களுக்குள் திடீரென்று தேய்மானம் தொடங்கிய வண்டி என்றால் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் பிடித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நூல் பிடிக்காமலே ஃபோர்க்கைக் கழற்றி நிமிர்த்தக் கொடுப்பதுதான் தவறு.

இதற்கு உடனே வரும் மறுப்பு: பேரிங் என்ன பெரிய விலையா? தேடுகிற நேரத்தில் மாற்றிவிட்டே பார்க்கலாமே. மேலோட்டமாக நியாயமாகத்தான் தெரிகிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் நம்பரைச் சொன்னால் போதும், 6301 என்றால் உள்துளை 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 37, அகலம் 12. எந்தக் கம்பெனிப் பெட்டியில் வந்தாலும் அளவு அதேதான். ஆனால் விலை மலிவு என்பதால் வேலையும் மலிவாகிவிடாது. புது பேரிங்கை உட்காரவைக்கும்போது அடி வெளி வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். பொறுப்பான மெக்கானிக் அதே அளவுப் பழைய பேரிங்கின் வளையத்தையோ பொருத்தமான சாக்கெட்டையோ மேலே வைத்துத் தட்டுகிறார். அவசரக்காரர் உள் வளையத்தில் சுத்தியால் போடுகிறார், அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் போட்டுவிடுகிறது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயை மறந்துவிட்டாலோ, தேய்ந்து குட்டையானதையே திரும்பப் போட்டாலோ, ஆக்ஸில் நட்டை இறுக்கியதும் உள் வளையங்கள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, புது பேரிங் சில மாதங்களிலேயே கதறத் தொடங்கும். கெடாத பேரிங்கைக் கழற்றி, கெடும்படி இன்னொன்றை மாட்டிய கதை இது. டயரிலிருந்து வந்த பழைய இரைச்சலும் அப்படியே இருக்கும். வண்டிக்காரர் அடுத்த பட்டறைக்குப் போவார். அங்கே இருப்பவர் முதல் ஆளைத் திட்டிவிட்டு, அவரும் கூலி இல்லாமல் தேடத் தயங்கி, வேறு ஏதாவது ஒன்றை மாற்றுவார்.

இன்னொரு மறுப்பு: ரோட்டோரப் பட்டறையில் இந்த நிலைமை, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் இருக்கிறதே. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. அதனால் முன்சக்கரத்தில் சென்சார் வந்தது, ஸ்கேனரில் கோளாறு எண்ணும் வருகிறது. உண்மைதான். ஆனால் பேரிங்கில் ஆட்டம் ஏற்பட்டு சென்சாருக்கும் அது படிக்கிற, சக்கரத்தோடு சுற்றும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளி கலைந்தால், ஸ்கேனர் சென்சாரைத்தான் கை காட்டும். டயர் சாய்வாகத் தேய்ந்ததை அது எந்த எண்ணிலும் சொல்லாது. ஜாப் கார்டில் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் ஒதுக்கி வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் இடத்தில், சந்தேகப்பட்டு ஒரு ரவுண்டு கூடுதலாக ஓட்டிப்பார்க்க டெக்னீஷியனுக்கு என்ன ஊக்கம் இருக்கிறது? இடம் பெரிதாகிறது, யூனிஃபார்ம் வருகிறது, கூலிக் கணக்கு அதேதான்.

எனக்குக் கனமாகத் தோன்றும் மறுப்பு வண்டிக்காரர் பக்கத்திலிருந்து வருவது. தேடுவதற்குக் காசு கொடுத்தால், அவர் உண்மையிலேயே தேடினாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? மாற்றிய பேரிங்கையாவது கையில் வாங்கிப் பார்க்கலாம். இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் முன்சக்கரத்தைப் பொறுத்தவரை தேடிய வேலையையும் கண்ணால் பார்க்க முடியும். டயரின் மேல் உங்கள் கையையே வைத்துத் தடவச் சொல்லலாம். சக்கரத்தைச் சுழற்றி ஆக்ஸிலில் உங்கள் விரலையே வைக்கச் சொல்லலாம். மேலும் வீட்டுக்கு வரும் ஏசி மெக்கானிக்கும் வாஷிங் மெஷின் மெக்கானிக்கும் வாசலில் கால் வைத்ததற்கே விசிட்டிங் சார்ஜ் வாங்குகிறார்கள், நாமும் முணுமுணுத்துக்கொண்டாவது கொடுக்கிறோம். அவர் எதையும் மாற்றாமல் 'கண்டென்சர்ல தூசி, அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டுப் போனாலும் அந்தக் காசு உண்டு. பைக் மெக்கானிக் அதையே செய்து 'பேரிங் நல்லாதான் இருக்கு, காத்து மட்டும் சரியா வையுங்க' என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். உண்மையைச் சொன்னவருக்குக் கிடைத்தது டீ, தேவையில்லாத பேரிங்கை மாற்றியவருக்குக் கிடைத்தது கூலி. பட்டறை முதலாளிகளிடமே இதற்குத் தயக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செக்கிங் சார்ஜ் என்று பலகை வைத்தால் வாடிக்கை எதிர்ப் பட்டறைக்குப் போய்விடும் என்ற பயம். அங்கேயே வேலை செய்தால் பில்லில் கழித்துக்கொள்வதாகச் சொல்வது பயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஒரு தெருவில் ஒருவர் மட்டும் தொடங்கினால் நிலைக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் பையன்களின் பாடு வேறு. கூலிக்கு வேலை நடக்கும்போது அவர்கள் நட்டு கழற்றவும் கிரீஸ் துடைக்கவும் கற்கிறார்கள். ஆனால் சத்தம் தேடக் கற்பது, கூலியில்லாத அந்த அரை மணியில் முதலாளிக்குப் பக்கத்தில் நின்று, அவர் விரல் வைத்த இடத்தில் தானும் விரல் வைக்கும்போதுதான். அந்த அரை மணி சுருங்கச் சுருங்க, சாமான் மாற்றத் தெரிந்தவர்களாக மட்டுமே அவர்கள் வளர்கிறார்கள். இனி வரப்போகும் வண்டிகளோ வேறு மாதிரி. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் என்ஜின் சத்தம் கிடையாது. இதுவரை என்ஜின் இரைச்சலுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த டயர் முனகலும் பேட் உரசலும் ஓட்டுகிறவர் காதில் தெளிவாக விழும். பெரும்பாலும் அவற்றில் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. "ஒண்ணும் இல்ல சார், டயர் சத்தம்தான்" என்று சோதித்து உறுதியாகச் சொல்வதே அன்றைக்குப் பட்டறையின் முக்கால்வாசி வேலையாகிவிடலாம். அந்த வேலைக்கு இன்றைக்கு எந்தப் பட்டறையின் விலைப்பட்டியலிலும் ரேட் இல்லை.