ஏஐ சொல்லும் மழையை நம்பலாமா?



நம் திருமுக்கூடலில் விவசாயம் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், இப்போ ஏஐ மழையைச் சொல்லுதாமே, அதை நம்பி அறுப்பு மெஷினுக்குச் சொல்லலாமா?" எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

பழைய முறையில் காற்று, வெப்பம் பற்றிய சமன்பாடுகளைப் பெரிய கணினிகள் போட்டுப் பார்க்கும். புதிய முறையில் பல வருடக் காற்று, ஈரப்பதப் பதிவுகளைக் காட்டி, "இப்படி இருந்தபோது அடுத்து இது நடந்தது" என்று பழக்குகிறார்கள். கூகுள் டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் 39 வருடப் பதிவுகளில் படித்தது. பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடும்.

பலனும் உண்டு. 2025இல் தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளாவுக்கு வந்து, பிறகு நடுவில் ஏறக்குறைய மூன்று வாரம் நின்றுவிட்டது. அந்த இடைவெளியை ஏஐ முன்கூட்டியே கணித்தது. மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்கு இந்தக் கணிப்புகளை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியது. முதல் மழையை நம்பி அவசரமாக விதைக்காதவருக்கு விதை மிச்சம்.

ஆனால் நம் பக்கம் இரண்டு சிக்கல். வெப்ப நாடுகளில் மேகம் சில மணி நேரத்தில் திரண்டு ஓர் ஊரில் மட்டும் கொட்டிவிடும். வாலாஜாபாத்தில் கொட்டும்போது நம் ஊரில் தூறல்கூட இருக்காது. கிராஃப்காஸ்ட் படித்த பதிவுகளோ சுமார் 25, 30 கிலோமீட்டர் கட்டங்களாக இருப்பவை. இன்னொன்று, 2015 டிசம்பர் 1 மாதிரியான நாள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பாடத்தில் அபூர்வமாக வரும் கணக்கில் மாணவன் தடுமாறுவது போல, இதுவும் பெருமழையில் தடுமாறும்.

அதனால் "வருமா, வராதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை சதவீதம் வாய்ப்பு, வந்தால் எனக்கு என்ன நஷ்டம்" என்று பாருங்கள். 30 சதவீதம் என்றால் கடைக்குப் போகிறவர் குடை எடுத்தால் போதும். பிள்ளையார்பாளையத்தில் தெருவில் பட்டுப் பாவு நீட்டப் போகிற நம் நெசவாளருக்கு, அதே 30 போதும் நாளைக்குத் தள்ளிவைக்க. நெல்லைக் களத்தில் காயப்போட்டவர் தார்ப்பாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அறுப்புக்கு மெஷின் சொல்லும் முன் இரண்டு மூன்று நாள் கணிப்பு மாறாமல் இருக்கிறதா பாருங்கள். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் சதவீதம் பார்க்க வேண்டாம், ஆற்றோரம் போகாதீர்கள்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியில் ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பிள்ளைகளை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கும் சொல்லிக்கொடுங்கள். ஊர் ஊராக அளவு இருந்தால்தான் கணிப்பு சரியா என்று நம்மால் சோதிக்க முடியும்.

உங்கள் ஊரில் இந்த வாரம் எவ்வளவு மழை? கமெண்டில் எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.